கேட்டுப் பெறும் கல்வி: ஜெர்மானியப் பல்கலைக்கழக வாழ்வும் நம் மாணவர்களும்

முன்னுரை

கல்வியின் பொருட்டு அயல்நாடு செல்லும் மாணவர் தொகை நம் நாட்டில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. முன்னாளில் மேற்படிப்பு என்றால் இங்கிலாந்தும் அமெரிக்காவுமே நினைவுக்கு வந்தன. இன்று ஜெர்மனியும் அவ்வரிசையில் இடம் பெற்றுள்ளது. 2022-23 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டு உயர்கல்வி நிலையங்களில் பயின்ற இந்திய மாணவர் எண்ணிக்கை 42,000-ஐக் கடந்து, சீன மாணவர் எண்ணிக்கையை விஞ்சியது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அது 49,000-ஐயும் தாண்டியது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் பெறுவதில்லை என்பது இதற்குத் தலையாய காரணமாகும். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகின்றது. வேறு சில பல்கலைக்கழகங்களும் அவ்வழியில் செல்லத் தொடங்கியுள்ளன.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை யாவை என்பதை இன்று பலரும் அறிவர். புது டில்லியில் இயங்கும் கல்விச் சான்று ஆய்வு அலுவலகத்தின் ஒப்புதலை 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் பெற்றாக வேண்டும். ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே செலுத்த வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். இவற்றை எடுத்துக் கூற வழிகாட்டிகள் பலர் உளர். விமானத்தை விட்டு இறங்கிய பின் எவ்வாறு வாழ்வது, எவ்வாறு படிப்பது என்பதைக் கூறுவோர் சிலரே.

ஜெர்மானியப் பல்கலைக்கழகம் மாணவரைத் தேடி வருவதில்லை. மாணவரே அதனைத் தேடிச் செல்ல வேண்டும். இவ்வொன்றை விரைந்து உணர்ந்தோர் அம்மண்ணில் வேரூன்றுகின்றனர். உணராதோர் அறிவிற் குறைவின்றியும் தளர்ந்து போகின்றனர். இக்கருத்தைப் படிப்பிலும் அன்றாட வாழ்விலும் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் நடந்த தடம்

இப்பாதை நமக்கு முற்றிலும் புதியதன்று. கவிஞர் இக்பால் 1907-இல் ஹைடெல்பெர்க் நகரில் தங்கி ஜெர்மன் மொழி பயின்றார். பாரசீகத்தில் மெய்ப்பொருளியலின் வளர்ச்சி பற்றி ஆய்வுரை எழுதி மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஹைடெல்பெர்க்கில் நெக்கர் ஆற்றங்கரையின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜாகிர் உசேன், பெர்லினில் பொருளியல் பயின்று 1926-இல் முனைவர் ஆனார். அங்கிருந்த காலத்திலேயே காலிபின் உருதுக் கவிதைத் தொகுதியைப் பெர்லின் அச்சகம் ஒன்றில் பதிப்பித்தார். ஆபித் உசேன், முகம்மது முஜீப் ஆகிய இருவருடன் அவர் தாயகம் திரும்பி, வறுமையில் வாடிய ஜாமியா மில்லியாவின் பணியை ஏற்றார். சென்ற நாட்டின் மொழியைக் கற்றமை, தம் மொழியைக் கைவிடாமை, கற்றதைத் தம் மக்களுக்குப் பயன்படுத்தியமை ஆகிய மூன்றையும் இவ்வரலாறு ஒருங்கே காட்டுகின்றது.

கல்விச் சுதந்திரம் என்னும் அடித்தளம்

ஜெர்மானிய உயர்கல்வியின் இயல்பை அறிய, 1810-இல் திறக்கப்பெற்ற பெர்லின் பல்கலைக்கழகத்தை நினைவுகூர வேண்டும். அதனை வடிவமைத்த வில்கெல்ம் ஃபொன் ஹும்போல்ட், ஆராய்ச்சியும் கற்பித்தலும் பிரிக்க முடியாதவை என்று கருதினார். ஆசிரியருக்குக் கற்பிக்கும் உரிமையும் மாணவருக்குக் கற்கும் உரிமையும் இரு கண்களாகப் போற்றப்பட்டன. 1949-இல் இயற்றப்பெற்ற அந்நாட்டு அரசியல் சட்டத்தின் ஐந்தாம் உறுப்பும், கலையும் அறிவியலும் ஆராய்ச்சியும் கற்பித்தலும் சுதந்திரமானவை என உறுதி கூறுகின்றது.

இக்கொள்கையின் நிழல் இன்றைய வகுப்பறையிலும் படிந்துள்ளது. விரிவுரைகளில் பெரும்பாலும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. மாதத் தேர்வு இல்லை. வாராத மாணவரின் பெற்றோருக்குக் கடிதம் செல்வதும் இல்லை. எந்தப் பருவத்தில் எப்பாடத்தை எடுப்பது என்பதில் மாணவருக்குக் கணிசமான உரிமை உண்டு. நம் கல்லூரிகளில் வகுப்பாசிரியர், துறைத்தலைவர், விடுதிக் காப்பாளர் எனப் பலர் கண்காணிப்பில் வளர்ந்த மாணவருக்கு இது முதலில் இனிக்கும். சில வாரங்களில் அச்சுறுத்தும். தம்மை எவரும் பொருட்படுத்தவில்லை என்றே பலர் எண்ணுகின்றனர். அவரை முதிர்ந்த மனிதராக அந்நிறுவனம் மதிப்பதன் அடையாளமே அது என்பது பின்னரே விளங்கும்.

வகுப்பறை நெறிகள்

குளிர்காலப் பருவம் அக்டோபர் முதல் மார்ச் முடியவும், கோடைப் பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் முடியவும் அமைகின்றன. ஆயினும் வகுப்புகள் நிகழ்வன ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 14 அல்லது 15 வாரங்களே. எஞ்சிய காலம் விடுமுறை போலத் தோன்றினும், தேர்வுகளும் கட்டுரைகளும் பயிற்சிப் பணிகளும் அக்காலத்திலேயே வந்து சேரும். அதனை ஓய்வுக்காலம் என்று கருதுவோர் அடுத்த பருவத்தில் அல்லலுறுவர்.

கால அட்டவணையில் 10 மணி என்றிருக்கும், ஆசிரியர் 10.15-க்கே தொடங்குவார். நேரத்தின் அருகே 'சி.டி.' என்னும் இலத்தீன் குறியீடு இருப்பின் கால் மணி நேரம் தாழ்த்தித் தொடங்கும் என்பது பொருள். 'எஸ்.டி.' என்றிருப்பின் குறித்த நொடியிலேயே தொடங்கும். வகுப்பு முடிந்ததும் மாணவர் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுவர். இஃது ஆசிரியருக்குச் செலுத்தும் நன்றி. பொருளறியாத புதியவர் இதனைக் கலகம் என்று எண்ணித் திகைப்பதுண்டு.

விரிவுரை, பயிற்சி வகுப்பு, கருத்தரங்கு என மூவகை வகுப்புகள் உள்ளன. விரிவுரையில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருப்பர். பயிற்சி வகுப்பில் வாராந்தரக் கணக்குகளுக்கு விடை காண்பர். கருத்தரங்கில் ஒவ்வொருவரும் ஒரு பொருள் பற்றிப் பேசிப் பின் கட்டுரை அளிக்க வேண்டும். அங்கே மௌனம் பணிவாகக் கொள்ளப்படுவதில்லை, ஆயத்தமின்மையாகவே கொள்ளப்படும். ஆசிரியர் கூற்றை மறுத்துக் காரணத்துடன் பேசுவது அவமதிப்பும் ஆகாது.

பாடங்களுக்கு வழங்கப்படும் மதிப்பலகு குறித்து நம் மாணவர் தெளிவு பெறுதல் இன்றியமையாதது. ஓர் அலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். ஆறு அலகுப் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம் வரை உழைக்க வேண்டும். அப்பாடத்துக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் வகுப்பு நடந்தால், 15 வாரங்களில் 45 மணி நேரமே ஆகின்றது. எஞ்சிய 135 மணி நேரமும் நூலகத்திலும் அறையிலும் நண்பர் குழுவிலும் தாமே கற்பதற்கு உரியன. வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் வெளியே மூன்று மணி என்று கொள்ளலாம். வகுப்புக்குத் தவறாமல் சென்றதனாலேயே கடமை முடிந்தது என்று கருதுபவர் கால் பங்கையே செய்தவர் ஆவார்.

தேர்வும் அதன் கடுமையும்

மதிப்பெண் முறை நம் முறைக்குத் தலைகீழானது. 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. எண்ணின் வேறுபாடு எளிதில் பழகிவிடும். விதிகளின் வேறுபாடே கவனத்துக்குரியது.

பாடத்தில் சேர்ந்திருப்பதனால் மட்டும் தேர்வு எழுதும் உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு தேர்வுக்கும் குறித்த நாளுக்குள் தனியே பதிவு செய்ய வேண்டும். நாள் கடந்தால் அப்பருவத்தில் எழுத இயலாது. பதிவு செய்தபின் எழுத விருப்பமில்லையெனில், குறித்த காலத்துக்குள் அதனை விலக்கிக்கொள்ள வேண்டும். விலக்காமலும் மருத்துவச் சான்று இன்றியும் தேர்வுக்கு வாராதவர் தோல்வியுற்றவராகவே கருதப்படுவார். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறை மட்டுமே எழுதலாம். கட்டாயப் பாடம் ஒன்றில் இறுதி வாய்ப்பிலும் தோற்றால் மாணவர் பெயர் நீக்கப்படும். பொதுவாக, அதே படிப்பை நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடர்வதற்கும் அது தடையாகும். நம் நாட்டில் நிலுவைத் தாள்களை ஆண்டுக்கணக்கில் எழுதும் வழக்கத்துக்குப் பழகிய மாணவர், இவ்விதியை அறியும் முன்னரே இரு வாய்ப்புகளை இழந்து நிற்பர்.

ஒரு மாணவரை எண்ணிப் பார்ப்போம். ஊரில் முதல் வகுப்பில் தேறியவர். முதற்பருவத்தில் கணிதப் பாடம் விளங்கவில்லை. பயிற்சி வகுப்பில் கேட்கக் கூச்சம். ஆசிரியரைக் காண வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதை அறிந்தும் செல்லவில்லை. தேர்வில் தோற்கிறார், வீட்டுக்கு உரைக்கவில்லை. இரண்டாம் முறையும் அதுவே நிகழ்கின்றது. கடனுக்கான வட்டியைத் தந்தை கட்டிக்கொண்டிருக்கிறார் என்ற நினைவே அவர் வாயைப் பூட்டிவிடுகின்றது. மூன்றாம் தேர்வின் முடிவோடு அவர் கையிலிருந்து நழுவுவது ஒரு பாடம் மட்டுமன்று. மாணவர் என்னும் நிலை போனால், அந்நிலையைச் சார்ந்த தங்கும் அனுமதியும் கேள்விக்குரியதாகும்.

இவருக்கு வேண்டியிருந்த உதவிகள் யாவும் அவர் நடந்து சென்ற கட்டடத்திலேயே இருந்தன. ஆசிரியரின் சந்திப்பு நேரம், மூத்த மாணவர் நடத்தும் பயிற்சிக் குழு, துறை மாணவர் மன்றம் சேர்த்து வைத்திருக்கும் பழைய வினாத்தாள்கள், படிப்பு ஆலோசகர், கட்டணமின்றிப் பெரும்பாலும் கிடைக்கும் உளநல ஆலோசனை ஆகியவற்றுள் ஒன்றை நாடியிருந்தாலும் நிலை மாறியிருக்கக்கூடும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அப்பழமொழி அங்கே எழுதாத விதியாகவே நிலவுகின்றது.

சொந்த எழுத்து

கட்டுரையின் இறுதியில், இதனை நானே எழுதினேன், பிறர் கருத்துகளை உரியவாறு சுட்டியுள்ளேன் என மாணவர் கையொப்பமிட வேண்டும். இது சடங்கன்று. பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டிய குற்றத்துக்காகப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல்-தியோடர் சு குட்டன்பெர்க் முனைவர் பட்டத்தை இழந்து 2011-இல் பதவி விலக நேர்ந்தது. 2013-இல் கல்வி அமைச்சர் அன்னெட்டெ ஷாவானின் பட்டமும் அவ்வகைக் குற்றச்சாட்டின்பேரில் பறிக்கப்பட, அவரும் பதவி துறந்தார். அமைச்சர்க்கே இந்நிலை எனின் மாணவர்க்கு விலக்கு ஏது? மேற்கோளை மேற்கோளாகக் காட்டுவதும், படித்ததைத் தம் சொற்களில் எழுதுவதும், தம் கருத்து எங்கே தொடங்குகின்றது என்று வாசகர் அறியச் செய்வதும் பழகிக் கைவர வேண்டிய திறன்கள்.

அன்றாட வாழ்வு

பெயரும் பதிவும்: புது வீட்டில் குடியேறிய இரு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துச் சான்று தேவை. அப்பதிவுக்குப் பின்னரே வரி எண் முதலியன அஞ்சலில் வரும். அஞ்சற்பெட்டியில் பெயர் ஒட்டப்படாவிடின் கடிதம் வந்து சேராது. இங்கே தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக அமைந்துவிட்டால், அந்நாட்டில் மாணவர் தம் தந்தை பெயராலேயே அழைக்கப்படுவார். அப்துல் காதரின் மகன் அலுவலகத்தில் 'திரு. காதர்' ஆகிவிடுவார். எனவே கடவுச்சீட்டிலும் சான்றிதழ்களிலும் வங்கிக் கணக்கிலும் அஞ்சற்பெட்டியிலும் பெயர் ஒரே வடிவில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளல் நன்று. அரசுக் கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பது பெருந்தீங்கு. ஏறத்தாழ ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கெடு நாள் இருக்கும்.

வீடு: மாணவர் விடுதி அறை மலிவானது, காத்திருப்போர் பட்டியலோ நீளமானது. ஆதலால் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். பலர் ஒரே வீட்டில் தனித்தனி அறையும் பொதுச் சமையலறையும் கொண்டு வாழ்கின்றனர். 'குளிர் வாடகை' என்பது அறைக்கு மட்டும். 'சூட்டு வாடகை' என்பது வெப்பமூட்டல் முதலிய செலவுகளும் சேர்ந்தது. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேற்படலாகாது என்பது சட்டம். வீட்டைப் பாராமலும் ஒப்பந்தம் இல்லாமலும் அயலாருக்குப் பணம் அனுப்புதல் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒன்று என மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணமும் உண்டு; வானொலி, தொலைக்காட்சி இல்லை என்பது விலக்குக்குக் காரணமாகாது. உடன் வாழ்வோர் பகிர்ந்து செலுத்தலாம்.

அமைதியும் தூய்மையும்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உரத்த ஒலி ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வுநாள் என்பதை 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டம் உறுதி செய்தது; அவ்விதி இன்றைய அரசியல் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. எனவே சனிக்கிழமை மாலைக்குள் அரிசியும் பாலும் வாங்கி வைக்கும் பழக்கம் வேண்டும். குப்பையைக் காகிதம், பொதி உறை, உணவுக் கழிவு, ஏனையவை எனப் பிரித்தே இட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் புட்டிகளுக்குக் கடையில் 25 சென்ட் கூடுதலாகப் பெற்று, வெறும் புட்டியைத் திருப்பியதும் அதனைத் தந்துவிடுவர். குளிர்காலத்திலும் நாள்தோறும் சிறிது நேரம் சன்னல்களை முழுதும் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். இல்லையெனில் சுவரில் பூஞ்சை படரும், அதற்கான செலவும் குடியிருப்பவரைச் சாரலாம்.

உணவு: பல்கலைக்கழக உணவகம் 'மென்சா' எனப்படும். மாணவர்க்கு அங்கே குறைந்த விலையில் உணவு கிடைக்கும். பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி, மரக்கறி என உணவுப் பட்டியலில் குறியிட்டிருப்பர். ஆகுமான உணவை நாடுவோர்க்குத் துருக்கியர் கடைகள் பெருந்துணை. 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் வழியே குடியேறியோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் நகர்தோறும் இத்தகைய கடைகளை நடத்துகின்றனர். கத்தரியும் வெண்டையும் பச்சை மிளகாயும் அங்கே கிடைக்கும். 1983-க்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் காணலாம். சமைக்கத் தெரிந்தவர்க்கு உணவு ஒரு துன்பமன்று. தெரியாதவர்க்கு அதுவே மாதச் செலவில் பெரும்பங்கை விழுங்கும்.

குளிரும் இருளும்: குளிரைக் கம்பளியாடை காக்கும், இருளுக்கு அத்தகைய ஆடை இல்லை. டிசம்பர் மாதத்தில் பெர்லினில் காலை எட்டே கால் மணியளவில் எழும் கதிரவன் மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். வெயிலுக்கு ஒதுங்கியே வளர்ந்த நமக்கு வெயிலின் அருமை அப்போதே புரியும். சோர்வும் மிகை உறக்கமும் தோன்றின், அவற்றைத் தம் பலவீனம் என்று கருதாமல் பகல் வெளிச்சத்தில் நாள்தோறும் நடப்பதும், நீடித்தால் மருத்துவரை நாடுவதும் அறிவுடைமை. ஜூன் மாதத்திலோ மாலை ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஆதலால் ரமலான் ஜூனில் வரும் ஆண்டுகளில் நோன்பு 18 மணி நேரத்தையும் கடக்கும். டிசம்பரில் வரும்போது ஏறத்தாழ 10 மணி நேரமே. தேர்வு நாட்களோடு பொருத்தி முன்கூட்டியே திட்டமிடுதல் பயன் தரும்.

மொழி என்னும் வாயில்

முதுகலைப் படிப்புகள் பல ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. இதனை நம்பி ஜெர்மன் கல்லாமல் செல்வோர் பலர். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். வீட்டுக்காரரும் மருத்துவமனையும் நகர அலுவலகமும் பகுதிநேர வேலையும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே இயங்குகின்றன. கேட்டுப் பெற வேண்டிய நாட்டில் கேட்பதற்கான மொழி இல்லாதிருப்பது பெருங்குறை அன்றோ?

தமிழ் பயின்றோர் இம்மொழியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஜெர்மன் மொழியின் சார்புத் தொடர்களில் வினைச்சொல் நம் மொழியிற் போல இறுதியில் வரும். சொற்களை இணைத்து நெடிய தொகைச்சொல் ஆக்குவதும் நமக்குப் பழகியதே. ஒருமையும் மரியாதைப் பன்மையும் அங்கும் உண்டு: மாணவர் தம்முள் 'டூ' என்பர், பேராசிரியரையும் அலுவலரையும் 'ஸீ' என்பர். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டில் வளர்ந்த நம் செவிக்கு இஃது எளிது. இடர்ப்பாடு பால் பாகுபாட்டில் உள்ளது. நம் மொழியில் பால் பொருளைப் பற்றியது. அங்கே மேசை ஆண்பால், கதவு பெண்பால், புத்தகம் அலிப்பால். சிறுமியைக் குறிக்கும் சொல்லும் அலிப்பாலே. எண்களிலும் கவனம் வேண்டும்: இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்றே சொல்வர். தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதுங்கால் இது தடுமாற்றம் தரும்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு, தமிழ்த் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார் என்பது வரலாறு. சில ஆண்டுகளில் தமிழில் நூல் அச்சிடும் அளவுக்கு அவர் தேர்ந்தார். கற்றவர் ஒருவர் சிறுவரோடு அமரக் கூசாமையே அவரது வெற்றிக்கு வழி வகுத்தது. பிழையாகப் பேச அஞ்சாதவரே மொழியில் விரைந்து முன்னேறுவர்.

உறவும் தனிமையும்

ஜெர்மானியர் பழகுதற்கு அரியர் என்பது பொதுவான கருத்து. அவர் நட்புக் கொள்ளக் காலம் எடுத்துக்கொள்வர். கொண்டபின் எளிதில் விடுவதில்லை. சந்திப்புக்கு முன்கூட்டியே நாள் குறிப்பர். சொன்ன நேரத்துக்கு வருவதே மரியாதை. பிறந்தநாள் கொண்டாடுபவரே இனிப்பு கொண்டுவர வேண்டும். பிறந்தநாளுக்கு முதல் நாளே வாழ்த்துவது நன்றன்று என்பது அவர்தம் நம்பிக்கை. பல்கலைக்கழக விளையாட்டுக் குழுக்களும், புதியவர்க்கு மூத்த மாணவர் நடத்தும் அறிமுக வாரமும் நட்புக்கு நல்வாயில்கள். நம்மவர் கூடும் வட்டம் ஆறுதல் தரும். அதிலேயே அடங்கிவிட்டால், ஈராண்டு கழிந்தும் அந்நாட்டவர் ஒருவரது வீட்டையேனும் காணாமல் திரும்ப நேரிடும்.

பணம் பற்றியும் கூற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணவர் ஆண்டுக்கு 140 முழுநாட்கள் அல்லது 280 அரைநாட்கள் பணிசெய்யலாம் என 2024 மார்ச் முதல் விதி உள்ளது. அனுமதி இருக்கும் அளவெல்லாம் உழைக்க முற்பட்டால் மேற்கூறிய மூன்று மணிக் கணக்கு சிதறிப் போகும். பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி பெறலாம். ஆதலால் படிப்பை முதலில் முடிப்பதே பொருளாதார நோக்கிலும் சிறந்தது.

வீட்டோடு பேசும் நேரமும் ஒரு சிக்கல். குளிர்காலத்தில் நம் நாட்டுக்கும் அந்நாட்டுக்கும் நான்கரை மணி நேர வேறுபாடு, கோடையில் மூன்றரை. மாலை ஆறு மணிக்கு மாணவர் அறைக்குத் திரும்பும்போது இங்கே தாயார் உறங்கச் செல்லும் நேரம். கிடைக்கும் சில நிமிடங்களில் எல்லாம் நலம் என்று சொல்லி முடிப்பதே வழக்கமாகிவிடுகின்றது. பெற்றோர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்று: மதிப்பெண் என்ன என்று கேட்குமுன், எது கடினமாக இருக்கின்றது என்று கேளுங்கள். தோல்வியைச் சொல்ல இடமுள்ள வீட்டில்தான் மூன்றாம் வாய்ப்புக்கு முன்பே உண்மை வெளிவரும்.

நாம் இங்கே செய்யத்தக்கவை

அயல்நாட்டு வாழ்வுக்கான ஆயத்தம் விமான நிலையத்தில் தொடங்குவதன்று. நம் வகுப்பறையிலேயே தொடங்க வேண்டும். ஆசிரியர் சொல்ல எழுதிக்கொள்ளும் குறிப்பை மட்டும் நம்பாமல், வாரம் ஒரு நூற்பகுதியைத் தாமே படித்துத் தம் நடையில் ஒரு பக்கம் எழுதும் பயிற்சியை மாணவர்க்கு அளிக்கலாம். அதில் எவ்வரி யாருடையது என்று சுட்டும் பழக்கத்தை முதலாண்டிலேயே ஊட்டலாம். வகுப்பின் இறுதிப் பத்து நிமிடங்களை வினாக்களுக்கென்றே ஒதுக்கி, கேள்வி கேட்ட மாணவரைப் பாராட்டலாம். அயல்நாட்டில் பயின்று திரும்பிய பழைய மாணவரை அழைத்து, அவர் பெற்ற பட்டத்தைப் பற்றி மட்டுமன்றி அவர் இடறிய இடங்களைப் பற்றியும் பேசச் செய்யலாம். சென்னையிலுள்ள மாக்ஸ்முல்லர் பவன் போன்ற நிலையங்களில் மொழி வகுப்புகள் நடைபெறுகின்றன; இறுதியாண்டு வரை காத்திராமல் அவற்றில் சேரலாம். சமையல், துணி துவைத்தல், வரவு செலவு எழுதுதல் ஆகியவற்றை ஆண்பிள்ளைகளும் வீட்டிலேயே கற்றுக்கொள்வது நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஜெர்மானியப் பல்கலைக்கழகம் தரும் சுதந்திரத்துள் பொறுப்பும் அடங்கியுள்ளது என்பது பெறப்படும். காலத்தைத் தாமே வகுத்தல், விதியைத் தாமே படித்தல், ஐயத்தைத் தாமே சென்று கேட்டல் ஆகிய மூன்றும் கைவரப்பெற்றவர்க்கு அந்நாட்டுக் குளிரும் மொழியும் நாளடைவில் பழகிவிடும். இம்மூன்றும் அயல்நாட்டுக்கு மட்டுமே உரியன அல்ல. உள்ளூரில் கற்போர்க்கும் உறுதி பயப்பன. செல்லவிருக்கும் மாணவர் தம் பெட்டியில் கம்பளியாடையோடு ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்வாராக. அதன் முதற்பக்கத்தில் தேர்வுப் பதிவின் கடைசி நாளையும், ஆசிரியரைச் சந்திக்கும் நேரத்தையும் எழுதிக்கொள்வாராக. முதல் ஐயம் எழுந்த அன்றே அக்கதவைச் சென்று தட்டுவாராக.